புள்ளி விழாத பெயர்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறியிருப்பீர்கள். அப்பா அப்படியேதான் இருக்கிறார். நான் திருப்பிவிட்டால் இடது பக்கம், மறுபடி திருப்பிவிட்டால் வலது பக்கம். பகலில் பார்த்துக்கொள்ளும் பெண் நான் வேலையிலிருந்து திரும்பிய மறுநிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆம்புலன்ஸ் அறையில் போன் சத்தத்திலேயே கிடக்கிறேன். வீட்டிலும் அது அடித்தால் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். தவிர, உங்கள் குரலைக் கேட்டால் நான் சண்டைதான் போடுவேன். எழுதும்போது கொஞ்சம் அடக்கம் வருகிறது.

விஷயம் இதுதான். என் ஷிப்டில் ஒன்பது பேர். அழைப்பை எடுக்க வேண்டும், முகவரி வாங்க வேண்டும், வண்டி அனுப்ப வேண்டும், வண்டி போய்ச் சேரும்வரை அந்தப் பக்கம் கதறுகிறவர்களைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும். ஒன்பது பேரும் ஓய்ந்து போயிருக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி தெருப் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திட்டினேன். திட்டுவதற்கும் எனக்குத் தெம்பில்லை, அது வேறு விஷயம்.

மேலிடம் இதைச் சரிசெய்ய எங்களை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. விளையாட்டிலிருந்து தலைமைப் பாடங்கள் என்று தலைப்பு. புத்தம்புது டிராக் சூட்டில் ஒருவர் வந்தார். மனிதர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்க மாட்டார் என்று தொந்தியைப் பார்த்தாலே தெரிந்தது. வட்டமாக நிற்க வைத்துப் பந்தை எறிந்தார். பிடிப்பவர் தன் லட்சியத்தைச் சொல்ல வேண்டுமாம். பந்து எங்கள் கணீரிடம் போனது. அவள் குரல் அப்படி, அதனால் அறையில் எல்லோருக்கும் அவள் கணீர்தான். "மூணு மணி எப்ப வரும்னு பாக்கறதுதான் சார் என் லட்சியம்" என்றாள். அவர் அதையும் பலகையில் எழுதிக்கொண்டார்.

அங்கே நிற்கும்போது உங்களை நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்து நிஜமாகவே ஒரு அணியைக் கட்டி மேய்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். பன்னிரண்டு வாலிபால் பெண்கள், பதினாறு வருடம். களைத்துப்போன ஆளை என்ன செய்வீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். மற்றதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாப்பா

நாற்பத்து மூன்று வயதாகிறது, அறையில் எல்லோரும் மேடம் என்கிறார்கள். உங்களுக்கு எழுதும்போது வேறு பெயரில் கையெழுத்துப் போட வரவில்லை.


பிப்ரவரி 11

பாப்பாவுக்கு,

உன் அண்ணன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொடுக்கலாமா வேண்டாமா என்று பயம். பிடுங்கித்தான் வாங்கினேன்.

பந்தை எறிந்து லட்சியம் கேட்ட ஆளை ஒரு நாள் என் கோர்ட்டுக்கு அனுப்பு. சர்வீஸ் எடுக்க விடுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. பன்னிரண்டு பெயர் எழுதியிருப்பேன். ஆட்டத்தில் ஒருத்தி பிழை செய்தால் அவள் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. சர்வீஸை வலையில் அடித்தால் ஒன்று, வருகிற பந்தை விட்டுவிட்டால் ஒன்று. மூன்றாவது புள்ளி விழுந்ததும் கையைத் தூக்கி வெளியே கூப்பிட்டுவிடுவேன். வந்து உட்கார்வாள், தண்ணீர் குடிப்பாள். யாரும் பேசக் கூடாது. ஆறுதலும் கூடாது, அறிவுரை கூடவே கூடாது. களைத்தவள் காதில் எதைப் போட்டாலும் சுமைதான். திட்டுவதெல்லாம் மறுநாள் காலையில், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு.

முக்கியமான ஒன்று. அதே ஆட்டத்தில் அவளைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அது தண்டனை. அனுப்பினால்தான் ஓய்வு. முதலில் அழுவார்கள். என் பெண்களும் அழுதார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை என் காலடியில் விட்டெறிந்தாள். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொள், பழகிவிடும்.

களைப்பு சோம்பேறித்தனம் இல்லை பாப்பா. அது முதலில் கண்ணைப் பிடிக்கும், அப்புறம் கையை. வாய் மட்டும் கடைசிவரை நன்றாகத்தான் இருக்கும். அதனால் வாயை நம்பாதே, புள்ளியை நம்பு.

இன்னொன்றும் எழுத வேண்டும். வேண்டாம், இப்போது கை வரவில்லை.

மற்றதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நீயே எழுதிவிட்டாய். நானும் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. மாமாவுக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 4

அண்ணிக்கு,

உங்கள் வைத்தியம் வேலை செய்கிறது. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு குறிப்பேடு வாங்கினேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டேன். முகவரி தப்பினால் புள்ளி, அழைத்தவரிடம் எரிந்து விழுந்தால் புள்ளி, வண்டி எண்ணை மாற்றிச் சொன்னால் புள்ளி. மூன்று விழுந்தால் இருபது நிமிடம் ஜன்னல். முதல் வாரம் அதற்குத் 'தலைகுனிவு நாற்காலி' என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தி கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து மறுபடி அவளையே பழைய இடத்தில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான், மறுவாரம் அந்த நாற்காலிக்கு ஒருத்தி வீட்டிலிருந்து திண்டு தைத்துக் கொண்டுவந்தாள்.

புள்ளிகள் பாதியாகக் குறைந்துவிட்டன. மேலதிகாரி அறைக்குள் வந்து, பயிற்சி நல்ல பலன் கொடுத்திருக்கிறது என்று டிராக் சூட்காரரைப் பாராட்டிவிட்டுப் போனார். குறிப்பேட்டைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

ஒருத்தி ஜன்னல் பக்கம் போனால் அவள் அழைப்புகளை யாராவது எடுக்க வேண்டுமே. கணீருக்குத் திருப்பிவிடுகிறேன். அவள் அசைவதே இல்லை. பதினைந்து வேலை நாள் ஆகிறது, எட்டுப் பேருக்கும் விழுந்திருக்கிறது, அவள் பெயருக்கு நேரே மட்டும் ஒரு புள்ளி கிடையாது. அவளைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தால் நான் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம்.

களைத்தவளை எழுப்பி உட்கார வைக்க ஒருவர் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். அம்மா படுக்கையில் கிடந்த நாலு மாதமும் எனக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. அவள் போன அன்று நீங்கள் இறுதி ஆட்டத்தில் இருந்தீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

பாப்பா


மார்ச் 10

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குறிப்பேடு பயன்பட்டதில் சந்தோஷம்.

அத்தை போன அன்று நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தேன். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் நீ என்னைப் பார்த்து, "ஆட்டம் முடிஞ்சுதா அண்ணி? ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாய். அன்று பதில் சொல்லவில்லை. ஜெயித்தோம்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

உங்கள் மேல் இருந்த கோபத்தில் இந்தக் கடிதத்தை எழுத மாட்டேன் என்று நாலு நாள் இருந்தேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

பதினேழாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அழைப்பு. ஒருவர் தன் மனைவிக்கு வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றார். பள்ளிக்கூட ஆசிரியை அந்த அம்மாள். கணீர்தான் எடுத்தாள். பதிவைப் போட்டுக் கேட்டேன். அவள் குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முகவரியைச் சரியாகக் கேட்டிருக்கிறாள், அவருக்கே திருப்பியும் சொல்லியிருக்கிறாள். ஆனால் திரையில் அதற்கு முந்தைய அழைப்பின் முகவரி அழிக்கப்படாமல் இருந்தது. புதியதை அடிக்காமலே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். அடித்துவிட்டதாகவே அவள் நினைத்திருக்கிறாள். ஏற்கெனவே ஒரு வண்டி வந்து போன வீட்டுக்கு இரண்டாவது வண்டி போய் நின்றது. அந்த மனிதரிடம் கணீர், வண்டி வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினான்கு நிமிடம் போய்விட்டது. அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறார். வலது கை அசையவில்லை, பேச்சு திரும்பவில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பவர் அண்ணி, அவருக்குப் பேச்சு இல்லை.

கணீரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தேதி விசாரணை. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, பொறுப்பாளர் என்ற முறையில் நீங்கள் அறிக்கை தர வேண்டும், ஊழியரின் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். அந்த ஒரு வரியில் அவள் வேலை போய்விடும். பதினோரு வருடமாக இந்த வேலைதான் அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். யார் எப்போது ஜன்னலுக்குப் போனார்கள், அவர்கள் அழைப்பு யாருக்குப் போனது என்று நானே என் கையால் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கணீர், கணீர், கணீர் என்று பக்கம் முழுக்க அவள் பெயர். முப்பது நாளில் ஒரு தடவைகூட அவள் எழுந்திருக்கவில்லை. எட்டுப் பேர் இளைப்பாறியது அவள் முதுகில். பதினேழாம் தேதி மட்டும் ஏழு பேரின் அழைப்புகள் அவளிடம் போயிருக்கின்றன. உங்கள் ஆட்டத்தில் இருபத்தைந்து புள்ளி வந்தால் விசில் ஊதிவிடுவார்கள். இங்கே யார் ஊதுவது?

குறிப்பேடு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அது இருப்பது மேலிடத்தில் யாருக்கும் தெரியாது. அதைக் கொடுத்தால் அவள் தப்பிப்பாள், என் பொறுப்பு போகும். பொறுப்பு போனால் காலை ஷிப்டும் போகும். மாலை மூன்றிலிருந்து பதினொன்று வரை என்னை உட்கார வைத்தால் அப்பாவை யார் பார்ப்பது? கொடுக்காவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும்.

மூன்று புள்ளி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினீர்கள். புள்ளியே விழாதவளை என்ன செய்வது என்று ஏன் எழுதவில்லை?

பாப்பா


மார்ச் 26

பாப்பாவுக்கு,

உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. மார்ச் நாலாம் தேதிக் கடிதத்தில் கணீர் பெயருக்கு நேரே புள்ளியே இல்லை என்ற வரியைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. 'உடனே அவளை எழுப்பு' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அப்புறம் அதற்குக் கீழே அத்தையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ரோஷம் வந்தது. நாலு வரி எழுதி உறையை ஒட்டினேன். அந்த நாலு வரி போய்ச் சேர்ந்தபோது பதினேழாம் தேதிக்கு இன்னும் சில நாள் இருந்தது. இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் இதுதான்.

பிப்ரவரியில் கை வரவில்லை என்று விட்டதையும் இப்போது எழுதுகிறேன். என் அணியில் நெட்டை என்று ஒருத்தி. பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். மற்றவர்கள் அடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பந்தும் அவள் கை வழியாகத்தான் போக வேண்டும். ஆறு வருடம் ஆடினாள். குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே நான் புள்ளி வைத்ததே குறைவு. மற்றவர்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தேன், அவளை ஒரு ஆட்டத்தில்கூட வெளியே கூப்பிட்டதில்லை. எனக்குப் பயம், அவள் இல்லாமல் ஐந்து நிமிடம் எப்படிப் போகும் என்று. டிசம்பரில் குதித்து இறங்கும்போது முட்டி போய்விட்டது. உனக்கு அந்த முதல் பதிலை, எல்லாம் தெரிந்த மாதிரி, எழுதினேனே, அப்போது அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம். இனி ஆட முடியாது. மாடிப்படி ஏறினாலே பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள்.

கிளப்பில் அறிக்கை கேட்டார்கள். 'ஆட்டத்துக்கு முன் உடற்பயிற்சி சரியாகச் செய்யவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். செய்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வரியால் நான் இன்னும் கோச்சாக இருக்கிறேன். தினமும் ஐந்தரைக்கு எழுந்து போகிறேன், விசில் ஊதுகிறேன். கடைத்தெருவில் நெட்டையின் அம்மா எதிரே வந்தால் நான்தான் வேறு பக்கம் திரும்புகிறேன். நீ எதை எழுத வேண்டும் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. எழுதினால் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

அத்தை விஷயம். அந்த நாலு மாதத்தில் மூன்று தடவை வந்து, நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு என்று உன்னிடம் சொன்னேன். மூன்று தடவையும், "நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க கிளம்புங்க" என்றாய். திமிர் பிடித்தவள் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். ஆனால் நீ வேண்டாம் என்ற ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, பாப்பா. அதைத்தான் இரண்டு வருடமாகக் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் நான் யாரிடமும் களைப்பாக இருக்கிறாயா என்று கேட்பதில்லை. உன்னிடம் மட்டும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, பஸ் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டேன். வீரம் எல்லாம் இல்லை. விசாரணை அறைக்குள் போகும்வரை பையில் இரண்டு அறிக்கை வைத்திருந்தேன், எதைக் கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணீர் மூலையில். பதினேழு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பழக்கதோஷம். அவள் எழுந்த விதத்தைப் பார்த்துத்தான் குறிப்பேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். யார் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். இந்த ஊழியரை ஏன் ஒரு நாளும் உட்கார வைக்கவில்லை என்றார்கள். வசதியாக இருந்தது என்றேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கணீருக்கு எச்சரிக்கையோடு போயிற்று. மூன்று வாரம் விடுப்பு கொடுத்து, அப்புறம் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மே முதல் தேதியிலிருந்து நான் சாதாரண ஆபரேட்டர், மாலை ஷிப்ட். அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். கணவர் கதவைத் திறந்தார், நான் யாரென்று சொன்னதும் மூடிவிட்டார். திரும்பி வந்தேன்.

நெட்டை விஷயத்தில் நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது உங்கள் இழுப்பறை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விசாரணை முடிகிற நேரத்தில் நடுவில் இருந்தவர் கணீரிடம், இத்தனை நாள் கஷ்டமாக இருந்திருந்தால் ஓய்வு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். நல்ல மனிதர்தான், நல்லபடியாகத்தான் கேட்டார்.

"கேட்டிருந்தா மேடம் கொடுத்திருப்பாங்க சார். கேக்கறதுக்கே தெம்பு இல்லாம போச்சு" என்றாள்.

அந்தக் குரல் கணீரென்றுதான் இருந்தது, அண்ணி. நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவளுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று சொன்னேனே, அது திமிர் இல்லை. திமிர் என்று நானும்தான் நினைத்திருந்தேன். உங்களை உள்ளே விட்டால், மாத்திரை எங்கே இருக்கிறது, துணி எங்கே இருக்கிறது, அம்மா எந்தப் பக்கம் படுத்தால் முனகுவாள் என்று எல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. நானே செய்வது சுலபமாக இருந்தது.

இன்று அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதவே நாலு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை கட்டிலுக்குக் கீழே நீலப் பெட்டியில் இருக்கிறது. துணி இரும்பு அலமாரியில் நடுத்தட்டு. இடது பக்கம் படுத்தால் முனகுவார், இருந்தாலும் படுக்க வைக்கத்தான் வேண்டும். எல்லாம் எழுதிவிட்டேன், வந்த பிறகு என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது.

முதல் தேதிக்கு முன்னால் வாருங்கள் அண்ணி. என்னால் முடியவில்லை.

பாப்பா